எண் சுழற்றும் பொறியும் ஏற்ற அளவும்

இங்கிலாந்து நாட்டின் சிறு பட்டினம் ஒன்று. மாலை நேரம். தனித்து வாழும் மூதாட்டி ஒருவர் அடுக்களையில் நிற்கின்றார். கூடத்திலே தொலைபேசி மணி ஒலிக்கின்றது. கைத்தடியை ஊன்றி மெல்ல நடந்து சென்று எடுத்து, "ஹலோ" என்கின்றார். மறுபுறத்தில் ஒலியில்லை. மீண்டும் "ஹலோ" என்கின்றார். மூச்சின் ஓசைதானும் இல்லை. சிறிது நேரத்தில் தொடர்பு அறுந்துவிடுகின்றது. அன்றிரவு அவர் கதவின் தாழ்ப்பாளை இருமுறை பார்த்த பின்னரே படுக்கச் செல்கின்றார். வீட்டில் ஆள் உண்டோ இல்லையோ என்று எவரோ வேவு பார்த்தனர் என்பது அவருடைய அச்சம்.

இந்த நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலே பிரித்தானியாவில் இத்தகைய மௌன அழைப்புகளைப் பற்றிய முறைப்பாடுகள் பெருகின. அழைத்தவர் பெரும்பாலும் கள்வருமல்லர், குறும்பருமல்லர். எங்கோ ஓர் அலுவலகத்திலே, ஒரு பொறியில், யாரோ ஒருவர் அமைத்துவைத்த ஓர் எண்ணே அந்த மௌனத்துக்குக் காரணம். அந்த எண் யாது, அதனை எவ்வாறு தெரிவு செய்தல் வேண்டும், சிறிய அலுவலகம் ஒன்றுக்கு அது ஏன் மிகுந்த கவனத்துக்குரியது என்பன ஆராயத்தக்கவை.

வெளியாருக்குத் தொலைபேசியில் அழைப்பு விடுப்பதையே தொழிலாகக் கொண்ட நிலையங்கள் இன்று உலகெங்கும் உள. வணிகர் தம் பொருளை விற்க அழைக்கின்றனர். அறநிலையங்கள் நன்கொடை வேண்டி அழைக்கின்றன. மருத்துவமனைகள் நோயாளருக்கு வரவேண்டிய நாளை நினைவூட்ட அழைக்கின்றன. நூற்றுக்கணக்கானோர் பணிபுரியும் பெரு நிலையங்களும் உண்டு. ஐவர் அறுவர் மாத்திரம் அமர்ந்திருக்கும் சிறு நிலையங்களும் உண்டு. இவற்றுக்கு உதவுவதே தானாக எண் சுழற்றும் பொறி. இன்று சுழற்றுவதற்குத் தட்டும் இல்லை, பொறி என்று தனியே ஒன்றும் இல்லை. கணினியில் இயங்கும் மென்பொருளே அது. ஆயினும் பழைய பெயர் நிலைத்துவிட்டது.

இப்பொறியின் மேல் நிலையத்தாருக்கு உண்டாகும் ஆசையை ஒரு சிறு கணக்கினால் விளங்கிக்கொள்ளலாம். அழைக்கப்படும் நால்வரில் ஒருவரே தொலைபேசியை எடுக்கின்றார் என்று கொள்வோம். பணியாளர் ஒருவர் பட்டியலைப் பார்த்து, எண்ணை அழுத்தி, மணி ஒலிப்பதைக் கேட்டுக் காத்திருப்பதற்கு ஒவ்வொரு முறையும் 30 செக்கன் செல்லும். நான்கு முறை முயன்றால் 2 நிமிடம். கிடைத்தவருடன் பேச 3 நிமிடம். பேசியதைக் குறித்துக்கொள்ள 1 நிமிடம். ஆக, ஓர் உரையாடலுக்கு 6 நிமிடம். மணிக்குப் பத்து உரையாடல். காத்திருக்கும் அந்த 2 நிமிடமும் முற்றாக ஒழிந்துவிடுமாயின், மணிக்குப் பதினைந்து உரையாடல் நிகழும். பத்துக்கும் பதினைந்துக்கும் இடையேயுள்ள அந்த ஐந்தைப் பிடிக்கவே பொறியை நாடுகின்றனர்.

பொறி வேலை செய்யும் வகை மூன்று. முதலாவது, பார்த்து அழைக்கும் முறை. அழைக்கப்படுபவரின் பெயரும் முன்னைய குறிப்புகளும் பணியாளரின் கணினித் திரையில் தோன்றும், அவர் அவற்றைப் படித்துவிட்டு ஒரு விசையை அழுத்துவார், பொறி அழைக்கும். இரண்டாவது, ஒருவருக்கு ஓர் அழைப்பு என்னும் முறை. பணியாளர் ஒருவர் ஓய்ந்ததும் பொறி தானாகவே ஓர் எண்ணை, ஒன்றையே, அழைக்கும். யாரும் எடுக்காவிட்டால் அடுத்த எண்ணுக்குச் செல்லும். இவ்விரு முறைகளிலும் அழைப்பை எடுப்பவருக்காக ஒரு பணியாளர் எப்பொழுதும் காத்திருக்கின்றார்.

மூன்றாவது முறை இவற்றினின்று வேறுபட்டது. பிரிடிக்டிவ் டயலிங் என்று வழங்கும் இதனை, எதிர்வுகூறி அழைக்கும் முறை எனலாம். இங்கே பொறி, பணியாளர் ஓயும்வரை காத்திருப்பதில்லை. சராசரியாக ஓர் உரையாடல் எவ்வளவு நேரம் நீள்கின்றது, நூறு அழைப்பில் எத்தனை எடுக்கப்படுகின்றன என்பவற்றைக் கணித்து, இன்னும் சில செக்கனில் ஒருவர் ஓய்வார் என்று எதிர்பார்த்து, பல எண்களை ஒருங்கே அழைத்துவிடுகின்றது. கணிப்புச் சரியாக அமைந்தால், ஒருவர் பேசி முடிக்கும் அதே கணத்தில் மற்றொருவர் "ஹலோ" என்பார். பிழைத்தாலோ, அழைப்பை எடுத்தவருடன் பேச எவரும் இல்லை. மூதாட்டியின் செவியில் விழுந்த மௌனம் அதுவே. இதனைக் கைவிடப்பட்ட அழைப்பு என்பர்.

ஓய்ந்திருக்கும் பணியாளர் ஒருவருக்கு எத்தனை எண்களை அழைப்பது என்பதே அலுவலகத்தில் அமைத்துவைக்கப்படும் அந்த முக்கிய எண். நால்வரில் ஒருவர்தான் எடுக்கின்றார் என்றால், நான்கு எண்களை அழைத்தால் ஒருவர் கிடைப்பார் அன்றோ என்று எண்ணத் தோன்றும். எண்ணம் இனிது, கணக்கு அதற்கு உடன்படவில்லை. சராசரி என்பது வேறு. ஒவ்வொரு முறையும் நிகழ்வது வேறு. நான்கு எண்களை ஒருங்கே அழைப்பதை நூறு முறை செய்தால், ஏறத்தாழ 32 முறை ஒருவரும் எடுக்கமாட்டார். 42 முறை சரியாக ஒருவர் எடுப்பார். 26 முறை இருவரோ அதற்கு மேற்பட்டோரோ எடுத்துவிடுவர். கூட்டிப் பார்த்தால், அழைப்பை எடுத்த ஒவ்வொரு நூறு பேரிலும் 32 பேர் பேச ஆளின்றி விடப்படுகின்றனர்.

நான்கை இரண்டாகக் குறைத்தால் போதாதோ? அப்பொழுதும், எடுப்போரில் எட்டில் ஒருவருக்கு மௌனமே கிடைக்கின்றது. பத்தில் ஒருவர் மாத்திரமே எடுக்கும் மிக மந்தமான பட்டியலிலும், இரண்டு எண்களை அழைத்தால், எடுப்போரில் நூற்றுக்கு ஐவர் கைவிடப்படுவர்.

அவ்வாறாயின் பெரு நிலையங்கள் இம்முறையை எங்ஙனம் கையாளுகின்றன என்ற வினா எழும். விடை கூட்டத்தின் அளவில் இருக்கின்றது. ஐந்து பேர் ஒரே கணத்தில் ஓய்ந்திருக்க, ஆளுக்கு இரண்டாகப் பத்து எண்களை அழைத்து, நால்வரில் ஒருவர் எடுப்பதாகக் கொண்டால், கைவிடப்படுவோர் நூற்றுக்கு ஒருவரிலும் குறைவு. இருபது பேர் ஓய்ந்திருக்க நாற்பது எண்களை அழைத்தால், எடுப்போர் தொகை இருபதைத் தாண்டுவது ஆயிரம் முறைக்கு ஒருமுறையும் நிகழாது. ஆளுக்கு இரண்டு என்னும் அளவு எங்கும் ஒன்றே. ஒருவர் தனித்திருக்கும்பொழுது அது எட்டில் ஒரு பிழையாகின்றது. பலர் சேர்ந்திருக்கும்பொழுது பிழை மறைந்தே போகின்றது. ஒருவருக்கு மிகையானது மற்றவருக்குக் குறையாய் நின்று ஈடாகிவிடுவதே காரணம்.

இவ்வுண்மையைத் தொலைபேசித் துறையில் முதன்முதல் கணித முறையில் ஆராய்ந்தவர்களுள் தலைசிறந்தவர் டென்மார்க்கு நாட்டைச் சேர்ந்த ஏர்லாங் என்பவர். 1878இல் பிறந்த அவர், கோப்பன்ஹேகன் தொலைபேசிக் கம்பனியில் பணியாற்றியவர். அழைப்புகள் வந்துசேரும் விதத்தைப் பற்றி 1909இல் ஒரு கட்டுரையும், 1917இல் புகழ்பெற்ற சூத்திரங்களையும் வெளியிட்டார். தொலைபேசிப் பளுவை அளக்கும் அலகு இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. நூறு அழைப்பில் ஒன்றுக்குமேல் தடைப்படலாகாது என்று வைத்துக்கொண்டால், அவருடைய சூத்திரத்தின்படி 10 இணைப்புகள் தாங்கக்கூடியது ஏறத்தாழ நாலரை உரையாடலின் பளுவே. 100 இணைப்புகளோ 84 உரையாடலின் பளுவைத் தாங்கும். இணைப்பு பத்து மடங்காக, பயன் ஏறத்தாழ பத்தொன்பது மடங்காகின்றது. சிறு கூட்டம், தன் ஆற்றலிற் பாதியைச் சும்மா வைத்திருந்தாலன்றி நம்பிக்கையாகச் சேவை செய்ய இயலாது. இஃது அலுவலகத் தலைவரின் திறமைக் குறைவன்று, எண்களின் இயல்பு.

அறுவர் பணிபுரியும் நிலையம் ஒன்றை மனத்திற் கொள்க. அங்கே ஐவர் ஒரே கணத்தில் ஓய்ந்திருப்பது அருமை. வேலை நடக்கும்பொழுது ஐவர் பேசிக்கொண்டிருப்பர். ஒருவர் ஓய்வார், அல்லது ஓயவிருப்பார். ஆதலின், அங்கு நிலவுவது தனியொருவரின் கணக்கே. மேலும், அறுவருள் ஒருவர், துயரமுற்ற ஒருவரிடம் அகப்பட்டுப் பன்னிரண்டு நிமிடம் பேச நேர்ந்தால், பொறி கணித்துவைத்த சராசரி முழுவதும் சரிந்துவிடுகின்றது. நிலையத்தின் வலுவில் ஆறில் ஒரு பங்கு கணிப்புக்கு வெளியே நிற்கின்றது. அறுபது பேர் உள்ள இடத்தில் அதே நீண்ட உரையாடல் ஒருவர் கண்ணுக்கும் புலப்படாது.

அரசாங்கங்கள் இதனை வாளாவிருந்து பார்த்துக்கொண்டிருக்கவில்லை. ஐக்கிய அமெரிக்காவில், தொலைபேசி விற்பனைக்கான விதிகளைக் கூட்டாட்சி வணிக ஆணைக்குழு 2003இல் திருத்தி அமைத்தது. எடுத்தவர் தம் வரவேற்புச் சொல்லைக் கூறி முடித்த 2 செக்கனுக்குள் பணியாளருடன் இணைக்கப்படாவிடின், அது கைவிடப்பட்ட அழைப்பாகும். மனிதர் எடுத்த அழைப்புகளுள் இத்தகையன நூற்றுக்கு மூன்றுக்கு மேற்படாதிருத்தல் வேண்டும். முதலில் ஒவ்வொரு நாளுக்கும் கணக்கிடப்பட்ட இவ்வளவு, 2008ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் 30 நாட் காலத்துக்குக் கணக்கிடப்படுகின்றது. பேச ஆளில்லாதபோது, அழைத்தவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் அடங்கிய பதிவுக் குரல் ஒலிக்க வேண்டும் என்பதும் விதி.

பிரித்தானியாவில், 2003ஆம் ஆண்டின் தொடர்பாடற் சட்டத்தின் கீழ் ஒவ்கொம் என்னும் ஒழுங்காற்று நிறுவனம் அதிகாரம் பெற்றது. நூற்றுக்கு மூன்று என்னும் அளவை அதுவும் 2006இல் வகுத்தது. ஒவ்வொரு 24 மணி நேரத்துக்கும் அதனைக் கணக்கிடச் செய்தது. அதே ஆண்டில் 50,000 பவுணாக உயர்த்தப்பட்ட தண்டத்தின் உச்ச அளவு, முறைப்பாடுகள் ஓயாமையால் 2010இல் 20 இலட்சம் பவுணாக்கப்பட்டது. பின்னர், 2016ஆம் ஆண்டின் இறுதியில் வெளியிட்ட கொள்கையிலே, மூன்று என்ற அளவைக் காப்பரணாக ஏற்கும் வழக்கத்தையே அந்நிறுவனம் கைவிட்டது. நூற்றுக்கு மூவரைத் துன்புறுத்தலாம் என்று அனுமதி கொடுத்ததாக அதனை எவரும் கொள்ளுதல் தகாது என்பது இதனாற் பெறப்படும்.

இனி, சிறு நிலையம் ஒன்றின் தலைவர் பொறியை எவ்வாறு அமைப்பது என்பதைப் பார்க்கலாம். முதலாவதும் முக்கியமானதும், ஓய்ந்த பணியாளர் ஒருவருக்கு ஓர் எண் என்னும் அளவே. மேற்காட்டிய கணக்கிலே, பொறி எண்ணை அழுத்துவதால் ஒவ்வொரு முயற்சியும் 30 செக்கனிலிருந்து 20 செக்கனாகக் குறையுமென்று கொண்டால், மணிக்குப் பத்தாக இருந்த உரையாடல் பதினொன்றாகும். ஆசைப்பட்ட பதினைந்து வரவில்லை. ஆயினும் கைவிடப்பட்டோர் ஒருவருமில்லை. நோயாளர், கடன்பட்டோர், முன்னர் முறையிட்டோர் போன்று, பேசுமுன் விவரம் அறிந்திருக்க வேண்டியவர்களுக்குப் பார்த்து அழைக்கும் முறையே தகும். சில செக்கன் கூடுதலாகச் செல்லினும் பேச்சுச் செப்பமாக அமையும்.

இரண்டாவது, மணி ஒலிக்கும் நேரம். அமெரிக்க விதி 15 செக்கன், அல்லது நான்கு மணியொலி என்கின்றது. அதனைக் குறைத்தால் பட்டியல் விரைவாகத் தீரும் என்பது மெய்யே. ஆனால், கைத்தடியுடன் நடந்து வருபவர் தொலைபேசியை அடையுமுன் அது ஓய்ந்துவிடும். வந்த சிரமத்துக்குப் பயனுமில்லை. பட்டியலில் "எடுக்கவில்லை" என்ற பொய்க்குறிப்பும் ஏறும்.

மூன்றாவது, ஆன்சரிங் மெஷின் என்னும் குரற்பதிவுக் கருவியைக் கண்டறியும் அமைப்பு. மனிதர் பெரும்பாலும் "ஹலோ" என்று சுருங்கக் கூறி நிறுத்துவர். கருவியோ நீண்ட வாக்கியம் பேசும். இவ்வேறுபாட்டைக் கேட்டு, எடுத்தது மனிதரா கருவியா என்று பொறி தீர்மானிக்க முயல்கின்றது. கேட்பதற்கு நேரம் செல்லும். அந்த நேரம் முழுவதும் எடுத்தவருக்கு மௌனமே. தீர்மானம் பிழைப்பதும் உண்டு. "வணக்கம், இன்னார் வீடு, யார் பேசுகிறீர்கள்?" என்று பண்புடன் நீளப் பேசுபவரைக் கருவியென்று கொண்டு பொறி தொடர்பை அறுத்துவிடும். இனிமையாகப் பேசியவருக்கே அவமதிப்பு நேர்கின்றது. சிறு நிலையத்தில் இவ்வமைப்பை நிறுத்திவைத்து, கருவியின் குரலைக் கேட்டறியும் வேலையைப் பணியாளரின் செவிக்கே விடுவது நன்று.

நான்காவது, மீண்டும் அழைக்கும் இடைவெளி. எடுக்காத எண்ணை அரை மணிக்கு ஒருமுறை அழைத்துக்கொண்டிருப்பது, கதவைத் தட்டித் திறவாவிடின் மீண்டும் மீண்டும் தட்டுவதை ஒக்கும். காலையில் எடுக்காதவரை மாலையிலும், வாரநாளில் எடுக்காதவரை வார இறுதியிலும் முயன்று, சில முறைகளுக்குப் பின் விட்டுவிடுதல் முறை. தவறிக் கைவிடப்பட்ட எண்ணை, பணியாளர் ஒருவர் உறுதியாக இருந்தாலன்றி, 72 மணி நேரத்துக்குள் மீண்டும் அழைத்தலாகாது என்பதை ஒவ்கொம் தன் கொள்கையிற் சேர்த்திருந்தது. அமெரிக்காவில், அழைக்கப்படுபவர் வாழும் இடத்து நேரப்படி காலை 8 மணிக்கு முன்னும் இரவு 9 மணிக்குப் பின்னும் விற்பனை அழைப்புக் கூடாது. கிழக்கே நியூயோர்க்கில் பொழுது விடிந்து அலுவலகம் திறக்கும்போது, மேற்கே கலிபோர்னியா மூன்று மணி நேரம் பின்தங்கி உறங்கிக்கொண்டிருக்கும். பொறிக்கு அதனைச் சொல்லிவைத்தாலன்றித் தானாகத் தெரியாது.

ஐந்தாவது, உரையாடல் முடிந்த பின் பணியாளருக்கு விடும் நேரம். இதனைச் சுழியமாக்கிவிடின், ஒரு குரல் ஓய்ந்த அக்கணமே மறுகுரல் காதில் விழும். பணியாளர் மூச்சு விடவும் இடமில்லை. அதனினும் தீயது, குறிப்பு எழுதப்படாமை. "இனி அழைக்க வேண்டாம்" என்று ஒருவர் கூறியது பதிவாகாமற் போனால், அடுத்த வாரம் அதே வீட்டு மணி மீண்டும் ஒலிக்கும். சேமித்த ஒரு நிமிடம் ஒரு முறைப்பாடாகத் திரும்பி வரும்.

அவ்வாறாயின், பதினொன்றிலேயே நின்றுவிட வேண்டியதுதானோ எனின், இல்லை. மௌன அழைப்பில்லாமலே மேலே செல்ல வழியுண்டு. எண்களை மிகுதியாக அழைப்பதற்கு மாறாக, எடுக்கக்கூடிய எண்களை அழைப்பதே அவ்வழி. வழக்கொழிந்த எண்களைப் பட்டியலிலிருந்து நீக்குதல். எந்த வீட்டில் எந்நேரம் ஆள் இருப்பர் என்பதைக் குறித்துவைத்தல். திரும்ப அழைத்தால் பதில் தரும் உண்மையான எண்ணையே எடுப்பவரின் தொலைபேசியிற் காட்டுதல். முன்னரே கடிதத்தாலோ குறுஞ்செய்தியாலோ அறிவித்தல். இவற்றால் நால்வரில் ஒருவர் எடுத்த இடத்தில் மூவரில் ஒருவர் எடுப்பாராயின், அதே கணக்கில் மணிக்குப் பன்னிரண்டு உரையாடல் ஆகும். இருவரில் ஒருவர் எடுத்தால் பதின்மூன்றை அணுகும். பொறியின் அளவை ஏற்றிப் பெற எண்ணியதிற் பெரும்பகுதி பட்டியலின் செம்மையாற் கிடைத்துவிடுகின்றது.

பொறியை விற்பவர் பெரு நிலையத்தின் பெறுபேற்றைக் காட்டியே சிறு நிலையத்தாரிடம் பேசுவது இயல்பு. அவர் காட்டும் எண் பொய்யன்று. அது வேறொரு கூட்டத்துக்கு உரிய எண். அறுபது பேர் உடுக்கும் அளவிலே தைத்த அங்கியை அறுவருக்குப் போர்த்தினால் காலில் இடறும். விழுபவர் அலுவலகத்தில் இரார். தொலைவிலே, தம் வீட்டுக் கூடத்தில், கைத்தடியுடன் நிற்பார். அவர் எவருக்கும் முறையிடாமலே இருந்துவிடலாம்; அலுவலகத்தின் நாட்கணக்கிலும் நூற்றுக்கு ஒரு பங்காகவே அவர் தோன்றலாம். அவருடைய "ஹலோ"வுக்குப் பதில் சொல்ல ஒருவர் இருக்கின்றாரா என்பதை உறுதிசெய்த பின்னரே பொறி அழைத்தல் வேண்டும். சிறு நிலையத்தில் அதற்குரிய அளவு ஒன்று என்பதே.